பாட்டும் பந்தியும்

1829 வாக்கில் தஞ்சாவூர்ச் சபைப் புலவர் ஒருவர், புதிதாக வந்திருந்த மிஷனெரிமார்மீது நான்கு குற்றச்சாட்டுகளை எழுத்தில் வைத்தார். வழிவழியாக வாசித்துவந்த வேதாகமத்தைத் திருத்துகிறோம் என்று கெடுக்கிறார்கள். சபைக்குள் எல்லாச் சாதியாரையும் வலுக்கட்டாயமாக ஒன்றாக்குகிறார்கள். கல்யாணத்திலும் துக்கத்திலும் பூவை விலக்குகிறார்கள். ஆராதனையில் தமிழ்ப் பாட்டைத் தடுக்கிறார்கள். நான்கையும் அவர் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. நான்கும் அவருக்குக் கொடுமைகள். நான்கும் ஒரே எடை.

அந்தப் புலவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). ‘சுவிசேஷக் கவிராயர்’ என்று பட்டம் பெற்றவர். எதிர்த்தரப்பில் பலர் இருந்தார்கள். தஞ்சையிலேயே ஹௌப்ரோ போன்ற இளைய போதகர்கள் அவரோடு நேருக்கு நேர் மோதினார்கள். ஆனால் அந்தத் தரப்பின் பேருருவம் பாளையங்கோட்டையில் இருந்த ரேனியஸ் (1790–1838). வேதாகமத் திருத்தத்துக்கு முதல் கை வைத்தவர் அவர். சாதி விஷயத்திலும் விட்டுக்கொடுக்காதவர். தமிழ்ப் புராட்டஸ்டண்டு வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இருவரில் ஒருவரைத் தூக்கிப் பிடிப்பார்கள். தமிழ் மண்ணின் கிறிஸ்தவம் என்று பேசுகிறவர்களுக்குச் சாஸ்திரியார். சமூக விடுதலை என்று பேசுகிறவர்களுக்கு ரேனியஸ். இரண்டு கூட்டமும் தங்கள் நாயகருடைய மறுபாதியை அடிக்குறிப்புக்குள் ஒதுக்கிவிடுகின்றன.

நான் இங்கே பார்க்க விரும்புவது, இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதை மட்டுமல்ல. இன்றைய தமிழ்ச் சுவிசேஷக் கிறிஸ்தவம் இந்த இருவரிடமிருந்தும் எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டது என்பதையும் சேர்த்துத்தான். தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபை, பெந்தெகொஸ்தே, தனி ஊழியங்கள் எல்லாவற்றையும் இந்தப் பேரில் அடக்குகிறேன். அமைப்பு வேறு வேறாக இருந்தாலும் ‘இரட்சிக்கப்பட்டீர்களா?’ என்ற கேள்வி இவர்கள் அனைவருக்கும் பழக்கமானது.

முதலில் அளவுகோல். வெளியிலிருந்து ஒரு கோலைக் கொண்டுவந்து ஒரு சமயத்தை அளப்பது சுலபம். அதற்கு மதிப்புக் குறைவு. அவர்களுடைய கோலையே எடுப்போம். ஆங்கிலேய வரலாற்றாளர் டேவிட் பெபிங்டன் 1989-இல் சுவிசேஷ இயக்கத்துக்கு நான்கு அடையாளங்களைச் சொன்னார்: மனமாற்றம், வேதாகமம், சிலுவை, ஓயாத செயல். இந்த நான்கில் பந்தி இல்லை, பாட்டும் இல்லை. ஆனால் அவர்கள் உயிராக மதிக்கும் வேதாகமத்தில் இரண்டும் உண்டு. கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் அந்தியோகியாவில் நடந்த ஒரு சம்பவம் வருகிறது. யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியைவிட்டு விலகுகிறார். பவுல் அதை மரியாதைக் குறைவு என்றோ ஊர் வழக்கம் என்றோ எடுத்துக்கொள்ளவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே எதிரான நடத்தை என்று எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டிக்கிறார். ஆக, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பது சுவிசேஷத்துக்கு வெளியே இருக்கிற சமூக விஷயம் என்று எந்தச் சுவிசேஷக் கிறிஸ்தவரும் தப்பித்துவிட முடியாது. பாட்டுக்கான அளவுகோல் சீர்திருத்தச் சபையின் அடிப்படைக் கொள்கையிலேயே இருக்கிறது: ஜனங்கள் தங்களுக்கு விளங்கும் மொழியில், தங்கள் வாயால் கடவுளைத் துதிக்க வேண்டும்.

இனி சாஸ்திரியார்.

திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே மூத்த மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துப்போனார். பிற்காலத்து மன்னர் சரபோஜியும் சுவார்ட்ஸின் அரவணைப்பில் வளர்ந்தவர்தான். அந்தத் தொடர்பு இருவருக்கும் கடைசிவரை இருந்தது. சாஸ்திரியாரின் ‘பெத்லகேம் குறவஞ்சி’ 1800-ஐ ஒட்டி எழுந்தது. குறவஞ்சி என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலா வரும் தலைவன், காதல் கொள்ளும் தலைவி, குறி சொல்லும் குறத்தி, அவளைத் தேடி வரும் குறவன். இந்த வார்ப்பில் சாஸ்திரியார் பெத்லகேம் நாதரை உலா வரச் செய்தார். தேவமோகினி என்ற தலைவியைக் காதலிக்க வைத்தார். குறத்தி நாட்டுவளம் மலைவளம் பாட வேண்டிய இடத்தில், தஞ்சைப் பள்ளியில் கற்பித்த உலக பூகோளத்தையும் ஐரோப்பிய வானவியலையும் கொண்டுவந்தார். ஒரு பழைய வடிவத்துக்குள் புதிய அறிவை இவ்வளவு துணிவோடு நுழைத்த வேறு தமிழ்ப் படைப்பை அந்தக் காலத்தில் காண்பது அரிது. இலக்கிய வரலாறுகள் இன்னும் அதற்குரிய இடத்தைத் தரவில்லை என்பது என் கருத்து. கிறிஸ்தவர் எழுதியதாலேயே கிறிஸ்தவ இலக்கியம் என்ற தனி அறையில் பூட்டிவிட்டார்கள்.

அவருடைய கீர்த்தனைகள் இன்னொரு சாதனை. அவருக்கு முன்னால் புராட்டஸ்டண்டுகள் கோயிலில் பாடியவை பெரும்பாலும் ஜெர்மன் மெட்டுக்கு இழுத்துக் கட்டிய ஞானப்பாட்டுகள். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில், ராகமும் தாளமும் குறித்து, தமிழ்க் காதுக்கு உறுத்தாமல் கிறிஸ்துவைப் பாடலாம் என்று காட்டியது அவர். அதைத்தான் புதிய மிஷனெரிமார் சதிராட்டத்தின் சாயல் என்றும், அஞ்ஞானத்தின் வாடை என்றும் ஒதுக்கப் பார்த்தார்கள். சீர்திருத்தச் சபையின் கொள்கைப்படி பார்த்தால் இந்த விஷயத்தில் சாஸ்திரியார் சொன்னதே சரி. லூத்தர் தன் ஜனங்களுக்கு ஜெர்மன் பாட்டைக் கொடுத்ததை மெச்சிக்கொண்டே தமிழனுடைய பாட்டை அடைக்கப் பார்த்தது முரண். பூ விஷயமும் அப்படித்தான். மணப்பெண்ணின் தலையிலிருந்து பூவை எடுப்பதால் யாருடைய ஆத்துமாவும் பிழைத்ததாகத் தெரியவில்லை.

வேதாகமத் திருத்தத்தை அதிகம் வளர்த்த வேண்டாம். ரேனியஸின் புதிய ஏற்பாடு எளிய, ஓட்டமான தமிழ். சாஸ்திரியார் காத்துநின்றது 1796-இல் முழுமையாக அச்சேறிய பப்ரிஷியஸ் மொழிபெயர்ப்பை. 1871-இல் பவர் தலைமையிலான குழு இரண்டையும் வைத்துக்கொண்டு, அதிகமும் பப்ரிஷியஸ் பக்கம் சாய்ந்து ஒரு பதிப்பைக் கொடுத்தது. இன்றுவரை சபைகளில் புழங்குவது பெரும்பாலும் அதுதான். அந்தச் சண்டையை வரலாறே முடித்துவிட்டது.

சாதிதான் முடியாத சண்டை.

தஞ்சைச் சபையில் வேளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், தாழ்த்தப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள் இன்னொரு பக்கம் உட்கார்ந்தார்கள். நற்கருணையும் அதே வரிசையில்தான். வேளாளர் முதலில், மற்றவர் பிறகு. சுவார்ட்ஸ் போன்ற மூத்தவர்கள் இதைப் பொறுத்துக்கொண்டார்கள், காலப்போக்கில் போய்விடும் என்று நம்பினார்கள். சாஸ்திரியார் இதை வெறும் பழக்கமாகக்கூட விடவில்லை, எழுதி நியாயப்படுத்தினார். அவர் தரப்பின் வாதம் மூன்று இழைகளால் ஆனது. சாதி என்பது சமயமல்ல, உலக வாழ்க்கையின் ஒழுங்கு. உணவுப் பழக்கம் வேறானவர்களை ஒரே பாயில் உட்காரச் சொல்வது அருவருப்பைத் திணிப்பது. வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள்ளேயே பிரபு, வேலைக்காரன் என்று பேதம் பார்க்கும்போது எங்களை மட்டும் கேட்பது ஏன்?

மூன்றாவது வாதத்தில் கூர்மை உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். முதல் இரண்டும் நிற்காது. உலக ஒழுங்குதான் என்றால் நற்கருணைப் பாத்திரத்துக்கு முன்னால் எதற்கு வரிசை? கோயில் வாசலோடு விட்டுவிட வேண்டிய ஒழுங்கு பலிபீடம்வரை எப்படி வந்தது? உணவுப் பழக்கம் என்பதோ அந்தியோகியாவில் பேதுருவுக்கு இருந்த அதே சாக்கு. யூதருக்கும் உணவு விதிகள் இருந்தன, வேளாளருடையதைவிடக் கடுமையான விதிகள், அதுவும் வேதாகமத்திலேயே எழுதப்பட்டவை. அப்படியிருந்தும் பவுல் ஏற்கவில்லை. தேவமோகினிக்குக் குறத்தியைக் குறி சொல்லவைத்த கவிஞர், அந்தக் குறத்தியோடு ஒரே பந்தியில் உட்காரச் சம்மதித்திருக்க மாட்டார். கவிதையில் அவள் ஞானம் பேசலாம். கோயிலில் அவள் இடம் பின்வரிசை. சாஸ்திரியாரைக் கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தில் காலச்சூழல் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். காலச்சூழல் என்பது சரியான பதில் ஆகாது. அதே காலத்தில், அதே வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேறு முடிவுக்கு வந்தவர்கள் இருந்தார்கள்.

ரேனியஸ் அவர்களில் ஒருவர். பிரஷ்யாக்காரர், பெர்லினில் பயின்றவர், 1814-இல் இந்தியா வந்து, சென்னையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1820-இல் பாளையங்கோட்டைக்குப் போனார். தமிழை முறையாகப் படித்தார். அவருடைய ‘பூமி சாஸ்திரம்’ 1832-இல் வந்தது. 1834-இல் ஓர் இலக்கண நூலும் எழுதினார். உபதேசியார்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று விதி வைத்தார். பிள்ளைகள் மறுத்தார்கள், பெற்றோர்கள் கொதித்தார்கள், பள்ளி கலைந்தது. அவர் இறங்கி வரவில்லை. சேர்ந்து சாப்பிடச் சம்மதித்தவர்களை வைத்து மறுபடியும் தொடங்கினார். ஒரு கொள்கைக்காகத் தன் நிறுவனத்தையே இழக்கத் துணிந்த நிர்வாகி எந்த நூற்றாண்டிலும் அபூர்வம். விதவைகளுக்கு நிதி, ஊர்களில் தரும சங்கம், பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு என்று பதினைந்து ஆண்டுகளில் அவர் எழுப்பியவை இன்றும் திருநெல்வேலிச் சீமையில் வேரோடு இருக்கின்றன. குருப்பட்டம் கொடுக்கும் அதிகாரம் ஆங்கிலிக்கன் அத்தியட்சருக்கு மட்டும்தானா என்ற தகராறில் சர்ச் மிஷனெரி சங்கம் 1835-இல் அவரை நீக்கியது. சபையார் பலர் திரும்ப வரும்படி கேட்டுக்கொண்டார்கள். வந்தார், மூன்றே ஆண்டுகளில் இறந்தார்.

பந்தியில் நியாயம் ரேனியஸ் பக்கம். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அவருடைய வெற்றி எவ்வளவு ஆழமானது என்பதில் தயக்கம் உண்டு.

விடுதிப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்ந்து சாப்பிட வைக்கலாம். சோறு போடுகிறவர் சொன்னால் நடக்கும். ஊரில்? திருநெல்வேலியில் சபை வளர்ந்த முறை தனிமனித மனமாற்றம் அல்ல. குடும்பம் குடும்பமாக, தெருத் தெருவாக, உறவுமுறை உறவுமுறையாக வந்தார்கள். அடிக்குப் பயந்து வந்தவர்களுக்காகத் தனி ஊர்களே எழும்பின. 1799-இல் தாவீது சுந்தரானந்தம் காலத்து முதலூர் தொடங்கி, ரேனியஸ் காலத்து டோனாவூர் என்றும், மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம் என்றும் நீண்ட வரிசை. அடைக்கலம் என்ற அளவில் இவை மகத்தானவை. நாடார் சமூகம் அடுத்த நூறு ஆண்டுகளில் அடைந்த எழுச்சியில் இந்த ஊர்களின் பள்ளிக்கூடங்களுக்கும் கோயில்களுக்கும் பெரிய பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் ஊர் பெரும்பாலும் ஒரே சாதியாக இருந்தால் அங்கே சமபந்திக்குச் சோதனையே வராது. தென்மாவட்டச் சபைகளில் அசனம் இன்றும் பெரிய விழா. பெரிய அண்டாவில் கறிச்சோறு வெந்து, பணக்காரனும் ஏழையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற அழகான வழக்கம் அது. அதே ஊரில் வேறு சாதிக் கிறிஸ்தவர்கள் வேறு தெருவில் வேறு கோயில் வைத்திருந்தால், அந்த அசனம் எதை நிரூபிக்கிறது? ரேனியஸ் பள்ளியில் விதித்ததை, அவர் தொடர்ந்த சபை கட்டும் முறை ஊரில் தேவையற்றதாக்கியது. இது அவருடைய கபடம் அல்ல. ஆனால் விளைவு அதுதான்.

இன்னொன்று, சாஸ்திரியார் தரப்பின் மூன்றாவது வாதம். தமிழர்களைச் சேர்ந்து சாப்பிடச் சொன்ன வெள்ளையர்கள் தமிழர்களோடு சேர்ந்து சாப்பிட்டார்களா? 1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் இந்தக் கேள்வியைச் சபையறியப் போட்டவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா. மிஷனெரிமாருக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே எஜமானத்தனம் நிற்கிறது, நட்பு இல்லை என்று அவர் பேசியபோது அவையில் பலருக்கு முகம் சுளித்தது. இரண்டே ஆண்டுகளில் அவர் தோர்ணக்கல்லின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் அத்தியட்சர் ஆனார். அங்கே தெலுங்கு தலித் மக்களிடையே தன் வாழ்நாளைச் செலவிட்டார். பங்களா மேசையின் குற்றம் இப்படித் தமிழன் வாயாலேயே பதிவானது நல்லது. ஆனாலும் அந்தக் குற்றம் வேளாளர் வரிசையை நியாயமாக்கிவிடாது. இரண்டு மேசைகளும் அந்தியோகியாவில் தோற்றவைதான்.

பிறகு நடந்தது என்ன? கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833-இல் சாதி வேற்றுமையை உடனே, முற்றாக விட்டொழிக்கும்படி சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 1850-இல் சென்னை மிஷனெரி மாநாடு சாதிக்கு எதிராகக் கடுமையான தீர்மானம் போட்டது. லைப்சிக் லுத்தரன் மிஷன் அதோடு ஒத்துப்போகவில்லை. சாதி நாகரிக வழக்கம், காலம் கரைக்கும் என்ற பழைய நிலையையே எடுத்தது. வெளியேறியவர்களில் பலருக்கு அங்கே கதவு திறந்திருந்தது. ஒரு சபை கண்டித்தால் இன்னொரு சபைக்குப் போய்விடலாம் என்ற வசதி அன்றே வந்துவிட்டது. புராட்டஸ்டண்டு உலகில் ஒழுங்கு நடவடிக்கை ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டாம்.

தீர்மானங்கள் கோயிலுக்குள் பாயைச் சேர்த்தன. வீட்டுக்குள் நுழையவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் வரன் விளம்பரப் பகுதியைப் புரட்டினால் போதும். ‘சி.எஸ்.ஐ. நாடார்’, ‘ஆர்.சி. வெள்ளாளர்’ என்று திருச்சபைப் பெயரும் சாதிப் பெயரும் ஒட்டிப் பிறந்ததுபோல் நிற்கும். சில விளம்பரங்களில் ‘இரட்சிக்கப்பட்ட’ என்ற அடைமொழியும் சேர்ந்துகொள்ளும். இதுதான் எனக்கு அதிகம் உறைக்கிற இடம். மறுபடியும் பிறந்தவர் என்று சாட்சி சொல்கிறவருக்கு, முதல் பிறப்பின் சாதிச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகிறது! திருமண்டலத் தேர்தல் வந்தால் எந்தச் சேகரத்தில் எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு என்ற கணக்கு நடப்பதைத் தென்மாவட்டக் கிறிஸ்தவர்கள் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இந்தக் கபடத்துக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பவர்கள் தலித் கிறிஸ்தவர்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள்; கிறிஸ்தவர்கள் இல்லை. சென்னையில் செருப்புத் தைக்கும் தொழிலாளியான சூசை, தன்னைப் போன்ற ஆதிதிராவிடருக்குத் தந்த பெட்டிக்கடை, கிறிஸ்தவன் என்பதால் தனக்கு மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் போனார். 1985-இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே அளவில் சாதி இழிவு தொடர்கிறது என்பதற்கு உரிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆதாரம் எங்கே இருக்கிறது? சபைகளின் கல்லறைத் தோட்டங்களில், கல்யாணப் பதிவேடுகளில், கமிட்டிப் பட்டியல்களில். டெல்லிக்கு மனு எழுதும்போது எங்களுக்குள் சாதி உண்டு என்று சொல்லும் சபை, பிரசங்க பீடத்தில் ஏறினால் கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்கிறது. 2022-இல் அமைக்கப்பட்ட கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் இதே கேள்வியைத்தான் மறுபடியும் கையில் எடுத்தது. தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டு, விவரங்களைத் திரட்டி வெளியிடுகிற முதல் சாட்சியாகத் திருச்சபைதான் இருந்திருக்க வேண்டும்.

பெந்தெகொஸ்தே, தனி ஊழியங்கள் இதில் மேலா? ஒரு வகையில் ஆம். சென்னையின் குடிசைப் பகுதி ஜெபக்கூடத்தில் யார் எந்தச் சாதி என்று பார்த்து நாற்காலி போடுவதில்லை. படிக்காத பெண்ணொருத்தி எழுந்து ஜெபிக்கவும் சாட்சி சொல்லவும் முடிகிறது. பழைய சபைகள் இருநூறு ஆண்டில் செய்யாததை இவர்கள் ஐம்பது ஆண்டில் செய்தார்கள். ஆனால் கல்யாணப் பேச்சு வரும்போது இவர்களும் பழைய வழிதான். இவர்களில் பலர் நகையைக் கழற்றினார்கள், தாலியை விட்டார்கள், பொட்டையும் பூவையும் துறந்தார்கள். உடம்பின் மேலிருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்கள். போதாக்குறைக்கு, சபைத் தலைமை அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் புதிய பரம்பரையும் வந்துவிட்டது.

பாட்டுக்கு வருவோம். சாஸ்திரியார் உயிரோடு இருக்கும்போதே, 1853-இல், அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். வெள்ளைக்காரர் தடுத்ததை இன்னொரு வெள்ளைக்காரர் மீட்டார் என்பது இந்தக் கதையின் வேடிக்கைகளில் ஒன்று. கீர்த்தனைகள் சபைகளுக்குள் திரும்பின. பாமாலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன. இன்றும் தென்னிந்தியத் திருச்சபையிலும் லுத்தரன் சபையிலும் அவை பாடப்படுகின்றன. கல்யாணமும் அடக்கமும் அவை இல்லாமல் நடப்பதில்லை. ஆனால் இளையவர்களின் ஆராதனை வேறு எங்கோ போய்விட்டது. கீபோர்டு, டிரம்ஸ், திரையில் ஓடும் வரிகள். மெட்டில் சினிமாவின் சாயல், அமைப்பில் ஆஸ்திரேலிய, அமெரிக்க ஆராதனைக் குழுக்களின் சாயல்.

இந்தப் புதிய பாடல்களை ஒரேயடியாகத் தள்ளுகிறவர்களோடு நான் இல்லை. பாடலாசிரியர் பெர்க்மான்ஸ் போன்றவர்களின் பாடல்களில் ஒரு எளிமை இருக்கிறது. கடனில் மாட்டியவரும் கணவனிடம் அடிபட்ட பெண்ணும் கண்ணீரோடு பாட முடிகிற பேச்சுமொழி அவை. கீர்த்தனைக்கு ராகம் தெரிந்த ஒருவர் முன்னால் நிற்க வேண்டும். புதிய பாடலுக்கு வேண்டாம். ஜனங்கள் தங்கள் வாயால் பாட வேண்டும் என்ற கோலில் அளந்தால் இது சாதாரண வரவு அல்ல. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அநேகப் பாடல்களில் இரண்டே பேர்தான்: நானும் நீரும். பெத்லகேம் இல்லை, ஊர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, பஞ்சம் இல்லை, அநீதி இல்லை. ஆசீர்வாதம் வரும், உயர்வு வரும், சத்துரு தோற்பான். சாஸ்திரியாரின் குறத்தி உலகத்தைச் சுற்றிக் காட்டினாள். இந்தப் பாடல்கள் ஓர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்கின்றன. சாதி பேசாத பாட்டு சாதிக்கு இடைஞ்சல் தருவதில்லை. அதனால்தான் அது எல்லாச் சபைகளுக்குள்ளும் தடையின்றிப் போகிறது என்று நினைக்கிறேன்.

கீர்த்தனையிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அது எந்தத் தமிழரின் இசை? தஞ்சை அரண்மனையின் காற்றில் வளர்ந்த இசை. பறை அதில் இல்லை, தெம்மாங்கு இல்லை. தமிழ்ப் பாட்டைத் தடுக்காதே என்று கேட்ட கவிராயர், தமிழின் எல்லாப் பாட்டுக்காகவும் கேட்கவில்லை. இந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்தவர் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005). ‘பரட்டை’ என்ற பெயரில் எழுதியவர். நாட்டுப்புற மெட்டில் ஆராதனை முறையையே அமைத்தார். ஊரின் விளிம்பில் நிறுத்தப்பட்ட பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தார். நாட்டுப்புறப் பாட்டை யார் வேண்டுமானாலும் மாற்றிப் பாடலாம், அதற்கு எஜமான் இல்லை என்பது அவருடைய வாதத்தின் மையம். அதைவிட முக்கியம், ஒரே உலையில் எல்லாருக்கும் சோறு என்ற கருத்தை அவர் தன் இறையியலின் நடுவில் வைத்தார். சாஸ்திரியாரிடமிருந்த பாட்டும் ரேனியஸிடமிருந்த பந்தியும் ஒரே ஆளிடம் சேர்ந்தது அங்கேதான்.

சுவிசேஷ வட்டாரத்தில் அவருக்கு என்ன வரவேற்பு? அரசியல் பேசுகிறார், ஆத்தும ஆதாயம் பேசவில்லை என்றார்கள். பறையைக் கேட்டால் சாவு ஞாபகம் வருகிறது என்றார்கள். அமெரிக்க கிதாரைக் கேட்டால் யாருக்கும் எதுவும் ஞாபகம் வருவதில்லை போலும். அவர்மீது எனக்கும் ஒரு விமர்சனம் உண்டு. அவருடைய பாடல்கள் சில இடங்களில் பாடத்தை முன்னே விட்டு மெட்டைப் பின்னே இழுக்கின்றன. தனிமனிதத் துக்கத்துக்குப் புதிய பாடல்கள் கொடுக்கிற ஆறுதலை அவை எப்போதும் கொடுப்பதில்லை. ஆனாலும் சபை அவரைக் கேட்காமல் விட்டதற்கு இவை காரணமல்ல. அவர் பந்தியைக் கேட்டார், அதுதான் காரணம்.

இப்போது தீர்ப்பு. பாட்டிலும் பூவிலும் சாஸ்திரியார் சரி. பந்தியில் ரேனியஸ் சரி. இரண்டும் சம எடை அல்ல. பாட்டில் தவறியவன் அழகை இழக்கிறான், பந்தியில் தவறியவன் சுவிசேஷத்தையே இழக்கிறான் என்பது பவுலின் கணக்கு. ஆகவே ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் ரேனியஸ் பக்கம். ஆனால் தமிழ்ச் சுவிசேஷச் சபை இருவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டது தவறிய பாதிகளை: கவிராயரின் சாதியையும், மிஷனெரிமாரின் ஊர்க்கலை வெறுப்பையும். பிடி அரிசி சேர்த்து வடநாட்டுக்கு ஊழியர்களை அனுப்பிய பக்தியும், 1903-லேயே இந்தியர் கையால் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கிய துணிவும் இந்தச் சபைக்கு உண்டு. இவ்வளவு செய்ய முடிந்தவர்களால் தங்கள் வீட்டுக் கல்யாணத்தை மாற்ற முடியவில்லை என்றால் அது இயலாமை அல்ல, விருப்பமின்மை.

தனிமனித மனமாற்றம் நடந்தால் சாதி தானே விழும் என்று ஒரு பதில் எப்போதும் வரும். முதலூர் எழும்பி இருநூறு ஆண்டுக்கு மேலாகிறது, விழவில்லை. மனம் மாறினவர்கள் சாதிக்குள்ளேயே மனம் மாறிக்கொண்டார்கள். கல்யாணம் பெற்றோரின் உரிமை, சபை தலையிட முடியாது என்பது இன்னொரு பதில். வேற்று மதத்தில் பெண் எடுத்தால் சபை தலையிடாமல் விட்டதுண்டா?

மூன்று ஞாயிறு ஓலை வாசித்துத்தான் சபை ஒரு கல்யாணத்தை நடத்துகிறது. கட்டுகிறவர் சபையார், பதிவேடு சபையின் கையில். தலித் கிறிஸ்தவர்களுக்கான நீதியை டெல்லியில் கேட்கும் திருமண்டலங்கள், தங்கள் பதிவேடுகளையும் கமிட்டிகளையும் சாதிவாரியாக எண்ணி முதலில் வெளியிடட்டும். வரன் தேடும் பெற்றோரே, அடுத்த விளம்பரத்தில் சாதிப் பெயரை எழுதாமல் விடுங்கள். அதற்கு எந்தத் திருமண்டலத்தின் தீர்மானமும் வேண்டியதில்லை.